அகத்தே பூத்தது

நான் குடியிருக்கும் இடத்தின் பெயர் சுங்கை ஆரா. மலாயில் சுங்கை என்றால் ஆறு, ஆரா என்றால் அத்தி. பினாங்குத் தீவின் தெற்கே, அடுக்குமாடிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் நிறைந்த இந்தப் பகுதியை ஒரு காலத்தில் யாரோ அத்தியாறு என்று அழைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதே எனக்கு இனிக்கிறது. தமிழ்க் காது அந்தப் பெயரில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடும். ஆராவமுது என்கிறோமே, அந்த ஆரா. உண்ண உண்ணத் தெவிட்டாதது. மலாய்க்காரர் மரத்தைச் சொல்ல, நாம் பழத்தைக் கேட்கிறோம்.

என் வீட்டு முன்தாழ்வாரத்தில் மூன்று தொட்டிகளில் சீமை அத்தி வளர்கிறது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா அதை 'பூவா தின்' என்பார். காலை ஏழரை மணிக்கு வெயில் சாய்வாக வந்து விழும்போது நான் முதலில் பார்ப்பது பழத்தை இல்லை, கிளையின் நுனியை. நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கிளையும் ஒரு கூர்மொட்டில் முடிகிறது. குத்துவிளக்கின் சுடரைப் பச்சையில் வார்த்து நிறுத்தினாற்போல, அத்தனை நேராக, அத்தனை அமைதியாக. அந்த மொட்டுக்கு ஒரு மெல்லிய செதிலுறை உண்டு. உள்ளிருக்கும் இளந்தளிர் விரியும் நாளில் உறை கழன்று விழும். விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று நிற்கும், மணிக்கட்டில் அழுந்தக் கிடந்த வளையலைக் கழற்றினால் தங்கும் தடம்போல. இலைக்கு ஒரு வளையல். ஒரு முழக் கிளையைக் கையில் பிடித்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் அது பிறந்த நாள்தொட்டு எத்தனை இலை தந்தது என்று தொட்டே எண்ணிவிடலாம்.

அந்த வளையல்களின் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தந்தவள் டொராண்டோவில் இருக்கும் என் தங்கை. அவளிடமும் இதே இனம்தான், பிரவுன் டர்க்கி. ஒருநாள் அவள் கிளையையும் என் கிளையையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் வளையல்கள் ஏறக்குறைய ஒரே சீராக ஏறிக்கொண்டு போகின்றன. பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேர வேறுபாடுகூடக் கிடையாது, மரத்துக்கு எல்லா மாதமும் ஒரே மாதம். அவளுடையதிலோ வளையல்கள் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கியிருந்தன. பிறகு ஒரு தாவல், மறுபடி நெருக்கம். "அக்கா, அந்த நெருக்கம் ஒவ்வொன்றும் ஒரு குளிர்காலம்" என்றாள். மரம் தூங்கிய இடங்கள்! மணப்பெண்ணின் கையில் அடுக்கிய வளையல்களைப்போல உறக்கத்தை அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கிளையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இலைக்கு வருவோம். ஐந்து விரல் விரித்த கை அது. சிலவற்றில் மூன்று விரல் மட்டும். ஒரே கிளையில்கூட இரண்டு இலைகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மேற்புறத்தைத் தடவினால் தச்சரின் உப்புத்தாள். அடிப்புறத்தைத் தடவினால் பிறந்த குழந்தையின் காதுமடலில் இருக்கும் பூனைமயிர். ஒரே தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு தூரம்! இன்னொன்று மணம். வெயில் ஏறிய பிறகு தொட்டிகளின் நடுவே நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பச்சைப்புல்லின் வாசத்தோடு, இப்போதுதான் துருவிய தேங்காயின் வாசம் இலேசாகக் கலந்து வரும். தென்னை சூழ்ந்த தீவில் இருப்பதால் முதலில் அது பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து வருவதாகவே எண்ணியிருந்தேன். இலையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்த நாளில் ஓர் இலையைப் பறித்து, வேகும் சோற்றின் மேல் மூடியாகப் போட்டேன். சோறு மணத்தது. அதற்குமேல் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

காம்பைக் கிள்ளினால் பால். ஆல், அரசு, பலா என்று இந்தக் குடும்பத்துக்கே பாலுடம்பு. பசும்பாலில் அத்திப்பாலைச் சில சொட்டு விட்டால் அது திரைந்து கட்டியாகும். மத்தியதரைக் கடலோரத்து இடையர்கள் பழங்காலத்தில் பாலாடைக் கட்டிக்கு உறையூற்ற இதையே பயன்படுத்தினார்கள். கையில் பட்டு வெயிலும் பட்டால் அரிக்கும், ஆகவே நான் மாலையில்தான் கிள்ளுவேன். மலாயில் ஓர் அழகான வழக்கு உண்டு: பாலில்லாத அத்திக்காகக் காத்திருப்பது. நடக்காத ஒன்றுக்காகக் காலம் கடத்துவதை அப்படிச் சொல்வார்கள். நாமோ அரிதாக நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். மலாய்க்காரர் மரத்தின் பாலைப் பார்த்தார், நம்மவர் பூவைத் தேடினார். இரண்டு மொழியும் ஒரே மரத்தடியில் நின்று, அது மறைத்து வைத்திருப்பதை எண்ணி வியந்திருக்கின்றன. சுங்கை ஆராவில் வாழும் தமிழச்சிக்கு இந்த இரண்டு சொல்லும் சொந்தம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி காய். ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு பச்சை மணி தோன்றும். முதலில் விறுவிறுவென்று வளர்ந்து கோலிக்குண்டு அளவுக்கு வரும். பிறகு நின்றுவிடும். வாரக்கணக்கில் நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து உரத்தை மாற்றுவார்கள், தண்ணீரைக் கூட்டுவார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. தோன்றி ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்போது, ஒரு காலை, நேற்றுப் பார்த்த காய் இல்லை இது என்று தோன்றும். கடைசிச் சில நாளில் அது தன் பருமனை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பச்சை மங்கி, செம்பு படர்ந்து, பின் கத்தரி நிறம் ஏறும். அதுவரை நிமிர்ந்திருந்த கழுத்து தளர்ந்து சாயும். அந்தச் சாய்வைத்தான் நான் மிகவும் நேசிக்கிறேன். நாட்டியத்தில் அபிநயம் பிடிப்பவள் நாணத்தைக் காட்டக் கழுத்தை எந்த அளவு வளைப்பாளோ அந்த அளவுதான் வளைகிறது. ஒரு நூலிழை கூடினால் வாட்டமாகத் தெரியும், குறைந்தால் விறைப்பாகத் தெரியும். பிறகு தோலில் மெல்லிய வெண்கோடுகள் விடும். பழத்தின் அடியில் உள்ள சிறு துளையை வளர்ப்பவர்கள் கண் என்பார்கள். அந்தக் கண்ணின் ஓரத்தில் ஒரு துளி தேன் கசிந்து, விழாமல், காலை வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும்.

அந்தத் துளி நிற்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள் பறித்தால் வெறும் பஞ்சு. அத்தி மரத்திலிருந்து பிரிந்த பிறகு பழுப்பதில்லை, வாழையைப்போல மூட்டம் போட்டுக் கனிய வைக்க முடியாது. மறுநாள் போனால் எறும்பும் மைனாவும் முந்திக்கொண்டிருக்கும். தோலோ கட்டைவிரல் அழுந்தினாலே கன்றிப்போகும் தோல். குறுந்தொகையில் பரணர் இந்த மென்மையைக் கண்டு வைத்திருக்கிறார். ஆற்றங்கரை அத்தியிலிருந்து விழுந்த ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதிக்கின்றன. ஊராரின் பழிச்சொல் பட்டுக் குழையும் பெண்ணைச் சொல்ல வந்த உவமை அது. பழம் ஒன்று, நண்டு ஏழு என்று எண்ணிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். நண்டின் கால் எவ்வளவு கனம் இருக்கும்? அதையும் தாங்காத பழம் என்று அவர் கைகொண்டு தொட்டுத்தான் அறிந்திருக்க வேண்டும். மரக்கிளை வெளிறிய நிறம் என்பதைக்கூட விடாமல் சொல்கிறார். அவர் அதவம் என்று சொல்வது நம் நாட்டு அத்தி, என் தொட்டியில் இருப்பது மேற்காசியாவிலிருந்து வந்த உறவு. ஆனாலும் வெளிறிய கிளையும் மிதி தாங்காத மென்மையும் இரண்டுக்கும் பொது.

இத்தனை மெல்லிய பழம் தொலைவு போகாது. பினாங்கின் லிட்டில் இந்தியாக் கடைகளில் நாரில் கோத்துத் தட்டையாக்கிய உலர் அத்தி கிடைக்கும். அது வேறு சுவை, நல்ல சுவை. ஆனால் கண்ணில் துளி நிற்கும் பழம் வேண்டுமென்றால் மரம் நம் வாசலிலேயே நிற்க வேண்டும். உறைபனி பெய்யும் ஊர்களில்கூட மனிதர்கள் இந்த மரத்துக்காக இவ்வளவு பாடுபடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் தங்கை தன் மரத்தைத் தூங்க வைப்பதைப் பார்க்க வேண்டும். வெப்பம் சுழிக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகை இறங்கினால் அத்தியின் தண்டு செத்துவிடும். வேர் தப்பினால் அடியிலிருந்து துளிர்க்கும், ஆனால் கிளை போனால் அந்த ஆண்டின் பழமும் அநேகமாகப் போனதுதான். டொராண்டோவில் குளிர் அதற்கும் கீழே போகும். அவளுக்கு வித்தை சொல்லித் தந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த இத்தாலியப் பாட்டனார். அங்கே குடியேறிய இத்தாலியரும் போர்த்துகீசியரும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினிலும் அப்படியே. நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் மெல்ல மெல்ல இறுக்கி ஒரு கட்டாகச் சேர்ப்பார்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் முறிந்துவிடும். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம். கூந்தலை வாரி முடிகிற பக்குவம். பிறகு சாக்கு, பழைய கம்பளம், தார்ப்பாய் என்று சுற்றி, மழைநீர் உள்ளே இறங்காதபடி உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்ப்பார்கள். பனி மூடிய கொல்லையில் தலையில் வாளியோடு நிற்கும் அந்த உருவம் மார்கழிக் குளிரில் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் ஆச்சியைப்போல எனக்குத் தோன்றும்.

தங்கை அதையும் தாண்டிப் போகிறாள். அவள் மரத்தைப் படுக்க வைக்கிறாள். ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் அறுத்து, மறுபக்கத்து வேரைக் கீல்போல விட்டு, மரத்தை மெதுவாகச் சாய்த்து நீளமான குழிக்குள் கிடத்துகிறாள். மேலே பலகை, பலகை மேல் உலர்ந்த இலை, இலை மேல் மண். முடிந்ததும் எனக்கு ஒரு குரல்செய்தி வரும்: "அக்கா, பிள்ளையைத் தூங்கப் போட்டாச்சு." பாரிஸுக்குப் பக்கத்தில் அர்ழாந்தேய் என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் விவசாயிகள் முன்பு தோட்டம் தோட்டமாக அத்தியைக் குளிர்காலத்தில் இப்படித்தான் மண்ணுக்குள் கிடத்தினார்கள். கோடையில் பழம் முதிரும் தறுவாயில் ஒவ்வொரு பழத்தின் கண்ணிலும் ஒரு துளி ஒலிவ எண்ணெய் வைப்பார்கள். அந்தத் தொடுகையில் பழம் சில நாள் முந்திக் கனிந்துவிடும். கோடை குறுகிய ஊரில் சில நாள் என்பது பெரிய செல்வம். இங்கே அந்த அவசரம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை ஒரு துரும்பில் நல்லெண்ணெய் தொட்டு என் காய் ஒன்றின் கண்ணில் வைத்துப் பார்த்தேன். குழந்தைக்கு மை தீட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் காய்க்கு முன்பாகவே அது கழுத்தைச் சாய்த்தது.

பினாங்கில் மரத்துக்கு உறக்கம் கிடையாது. குளிர் என்று நாம் சொல்லிக்கொள்வது கொடிமலைக் காற்றைத்தான். 833 மீட்டர் உயரம். 1923 முதல் மலைரயில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த உச்சியில் சால்வை தேடுவோம், அத்திக்கோ அதுவும் இளவேனில்தான். இங்கே அதை வருத்துவது மழை. செப்டம்பர், அக்டோபரில் பெய்யும் பெய்யலில் பழுக்கும் பழம் நீரேறி வெடித்துவிடும். இலையின் அடியில் துருப்பிடித்த இரும்பின் தூள்போலச் செம்பழுப்புப் பொடி படரும். துரு நோய் என்றே சொல்கிறோம். அதனால்தான் தொட்டிகளுக்கு மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை. அதன்மேல் மழை விழும் ஓசையைக் கேட்டபடி, நனையாமல் நிற்கும் மரத்தின் துருப்பிடித்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பது என் மழைக்கால மாலை வேலை. டொராண்டோவில் சாக்கும் கம்பளமும், இங்கே கூரை.

உறக்கத்தையும் நாம்தான் தர வேண்டியிருக்கிறது. ஒரு சுற்றுப் பழம் முடிந்ததும் கூரிய கத்தரியால் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிவிடுவேன். இலை முழுதும் போய், வெளிறிய குச்சிகளாய் மரம் நிற்கும். தங்கை அனுப்பும் நவம்பர்ப் படத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அவளுக்கு வானம் செய்வதை எனக்குக் கத்தரி செய்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வெட்டிய இடத்துக்குக் கீழே பச்சைச் சுடர்கள் ஏறும். புதுக் கிளை, புது இலை, இலைக்கக்கத்தில் மறுபடி மணி.

சீமை அத்திக்கு இத்தனை உபசாரம் நடக்கும்போது அதன் உறவினர்கள் எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் தாமாகவே வாழ்கிறார்கள். சூலியா தெருவிலும் அதன் குறுக்குச் சந்துகளிலும் பழைய கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதையில் நடந்தால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்து விழுந்த ஆல விதையும் அரச விதையும் சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் முளைத்து, ஓட்டுக்கூரையின் ஓரத்தில் தளிரை ஆட்டிக்கொண்டிருக்கும். அரசின் தளிர் செம்பு நிறத்தில், வால்நுனி நீண்டு, காற்றே இல்லாத மதியத்திலும் நடுங்கும். வீட்டுக்காரருக்கு அது தொல்லை என்று அறிவேன், சுவரைப் பிளந்துவிடும். எனினும் இடிந்த ஒரு வீட்டின் செங்கல்லை வேர்கள் விரல்போலத் தழுவி நிற்பதைக் காணும்போது நடை நின்றுவிடுகிறது. 1884-இல் தொடங்கிய தண்ணீர்மலைப் பூங்காவிலிருந்து மேலேறும் காட்டில் ஆரா வகைகள் இன்னும் பல. சில வகைகள் காயைக் கிளைநுனியில் வைக்காமல் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகப் பூட்டிக்கொள்கின்றன, கோயில் தூணில் சிற்பி மணிச்சரம் செதுக்கினாற்போல.

இந்த மரங்களுக்கெல்லாம் தமிழில் ஒரு பழைய பொதுப்பெயர் உண்டு: கோளி. பூவாமல் காய்ப்பது என்று நிகண்டு பொருள் சொல்லும். ஒரே சொல்லில் ஒரு மரக்குடும்பத்தின் இரகசியத்தை அடக்கிய அந்தப் பெயர் வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பழத்தைப் பிட்டுப் பாருங்கள்: பூ இருக்கிறது, நூற்றுக்கணக்கில் இருக்கிறது! நாம் பழம் என்று கடிப்பது உள்முகமாக மடிந்துகொண்ட ஒரு பூங்கொத்து. சுவரெல்லாம் வெள்ளை, சுவரிலிருந்து மையம் நோக்கி இளஞ்சிவப்பு இழைகள், இழைநுனியில் தேனில் ஊறிய பொன்மணிகள். மற்றப் பூக்கள் வெளியே பார்த்து மலர்கின்றன. இந்தப் பூக்கள் வட்டமாக உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்து மலர்கின்றன. காட்டு அத்திகளில் அந்தச் சின்னஞ்சிறு கண் வழியாகக் குளவி ஒன்று இறகு பிய்ந்துபோகும் அளவுக்கு நெருக்கி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கும். அத்திப்பழத்தைப் பிட்டால் புழு என்ற நம் பழமொழியின் பின்னால் இருப்பது இந்தக் குளவிக்குடும்பம்தான். என் தொட்டியில் இருப்பது குளவி வேண்டாத இனம், சேர்க்கையில்லாமலே கனியும்.

அப்படிக் கனியும் பழத்தின் விதையிலிருந்து மரம் முளைக்காது. குச்சி வெட்டி ஊன்ற வேண்டும், அல்லது கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரமண் வைத்துக் கட்டி, வேர்விட்ட பின் அறுத்து எடுக்க வேண்டும். நாம் விண்பதியம் என்போம், மலாய் நண்பர்களுக்கு 'துட்'. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னும் இடத்தில் கருகிக் கிடைத்த சில சிறு அத்திப்பழங்கள் ஏறத்தாழ 11,400 ஆண்டு பழையவை என்றும், அவை குளவி வேண்டாத இந்த வகைதான் என்றும் ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். நெல்லும் கோதுமையும் விதைக்கப் பழகுவதற்கு முன்பே யாரோ ஒருவர் ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் ஊன்றியிருக்கலாம். அன்றுமுதல் குச்சியிலிருந்து குச்சி, கையிலிருந்து கை. இடையில் ஒரு கை விட்டிருந்தால் அந்த இழை அறுந்திருக்கும்.

என்னிடமிருந்தும் போகிறது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்குப் பதியம் போட்டு ஒரு கன்று கொடுத்தேன். திருக்குர்ஆனின் 95-ஆம் அத்தியாயத்துக்கு அத்தியின் பெயரே தலைப்பு. அந்த மரம் வாசலில் நிற்பது அவருக்குப் பெருமகிழ்ச்சி. முதல் பழம் கனிந்த அன்று ஒரு சின்னத் தட்டில் வைத்து, நான்காக மலர்த்தி, மேலே ஒரு துணி மூடி எடுத்து வந்தார். ஒரே பழம். அவருக்கு ஒரு துண்டுதான் மிஞ்சியது.

சென்ற ஏப்ரலில் தங்கை காணொளியில் அழைத்தாள். பலகையை எடுத்துவிட்டு, ஈரமண் ஒட்டிய மரத்தைக் கைகொடுத்துத் தூக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அப்போது இங்கே இரவு. நான் தாழ்வார விளக்கைப் போட்டு, இரண்டு வாரம் முன்பு வெட்டிய என் மரத்தின் அருகே போய் நின்றேன். அவள் திரையை நெருக்கி ஒரு கிளைநுனியைக் காட்டினாள். நானும் என் கிளைநுனியைக் காட்டினேன். இருவரிடமும் அரிசி அளவுக்கு ஒரு பச்சைக் கூர்மை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. "உன்னுடையது கொஞ்சம் பெரிசு, அக்கா" என்றாள். விளக்கருகே இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். செதிலுறையின் விளிம்பில் ஒரு மெல்லிய சிவப்பு.